அப்பாவின் காது

முதல் படத்தில் அப்பாவின் காது மட்டும் தெளிவாக விழுந்திருந்தது. மடலின் ஓரத்து நரைமுடி, சின்ன வயதில் கடுக்கன் போட்டுத் தூர்ந்துபோன துளை, மூக்குக்கண்ணாடிக் கம்பி அழுத்திய தடம், எல்லாவற்றையும் எண்ணிவிடலாம்போல இருந்தது. கண்கள்தான் குளத்துத் தண்ணீருக்கு அடியிலிருந்து பார்ப்பவரின் கண்களைப்போல இருந்தன.

கேமராவின் பின்பக்கத் திரையை முகத்துக்கு அருகே கொண்டுபோனார். தள்ளிப் பிடித்தார். மறுபடி அருகே கொண்டுவந்தார்.

"கண்ணு எங்கடா?"

மாயவரத்தில் 31 வருடம் ஸ்டுடியோ நடத்தியவர் அவர். 1978-ல் திறந்து 2009-ல் மூடினார். நல்லாயிருக்கு, நல்லாயில்லை என்றெல்லாம் ஒரு படத்தைப் பற்றி அவர் சொல்லி நான் கேட்டதில்லை. கண்ணு இருக்கு, கண்ணு இல்ல. இரண்டே மதிப்பெண்தான்.

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அந்த லென்ஸ் அவருடையது. ஜூபிடர்-8, 50 மி.மீ., எஃப் 2. அதை மாட்டியிருந்த பாடி என்னுடையது. பாடியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் விலையைத் தேடுவீர்கள்; இதை என் மனைவியும் படிப்பாள். டிஜிட்டல், எம் மவுண்ட், ரேஞ்ச்ஃபைண்டர், செகண்ட் ஹேண்ட். இதுவரை போதும்.

போன ஆடியில் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தது. தஞ்சாவூரில் ஸ்டென்ட் வைத்தார்கள். வீட்டுக்கு வந்து பத்து நாள் கழித்து, காப்பி ஆற்றிக்கொண்டே, கரண்ட் பில் கட்டச் சொல்கிற குரலில் சொன்னார்: "எனக்கு ஒரு படம் எடுத்து வச்சிடு. ஆதார் கார்டுலேந்து பெருசு பண்ணி மாட்டித் தொலைக்காதீங்க."

"வாயைக் கழுவுங்க" என்று அம்மா அடுக்களையிலிருந்து கத்தினாள்.

ஸ்டுடியோக்காரர் வீட்டில் வளராதவர்களுக்கு இது குரூரமாகத் தோன்றலாம். எங்கள் வீட்டில் பாதிச் சோறு அந்த வேலையிலிருந்துதான் வந்தது. யாராவது இறந்துபோனால் அன்று மாலையே வீட்டு ஆள் ஒருவர் ஒரு குரூப் போட்டோவோடு வருவார். கல்யாணத்தில் எடுத்தது. மூன்றாவது வரிசையில் இடமிருந்து நாலாவது ஆள். முகம் கடுகளவு. அப்பா அதை மறுபடி போட்டோ எடுத்து, பெரிதாக்கி, பென்சிலாலும் பிரஷ்ஷாலும் டச்சிங் செய்து, பதினாறாம் நாளுக்குள் ஃபிரேம் போட்டுக் கொடுக்க வேண்டும். சட்டை இல்லாதவருக்குச் சட்டை போடுவார். வழுக்கையில் கொஞ்சம் முடிகூட வைத்திருக்கிறார். "மத்ததெல்லாம் போட்டுக்கலாம்டா. கண்ணைப் போட முடியாது. போட்டா பொம்மையா ஆயிடும்" என்பார். அதனால்தான் பாஸ்போர்ட் போட்டோவுக்கு வந்து உட்காரும் பதினெட்டு வயசுப் பையனுக்கும் கண்ணைத்தான் முதலில் பார்ப்பார். எந்தப் படத்துக்கு எப்போது மாலை விழும் என்று யாருக்குத் தெரியும்.

அப்படிப்பட்டவருக்கு அந்தப் படத்தை எடுக்கும்போது அவருடைய லென்ஸிலேயே எடுக்க வேண்டும் என்று முடிவுசெய்தது நான்தான். யாரும் கேட்கவில்லை.

*

லென்ஸின் முன்வளையத்தில் உள்ள எண் 68-ல் தொடங்குகிறது. மாஸ்கோவுக்குப் பக்கத்தில் கிராஸ்னகோர்ஸ்க் தொழிற்சாலையில் செய்த லென்ஸ்களில் முதல் இரண்டு இலக்கம் பெரும்பாலும் வருடத்தைக் குறிக்கும். 1968-ல் பிறந்து, சோர்க்கி-4 என்ற கேமராவோடு ஒட்டிக்கொண்டு இந்தியா வந்த லென்ஸ். சோவியத் நாட்டோடு ரூபாயிலேயே வியாபாரம் நடந்த காலம் அது. புத்தகங்களும் டிராக்டர்களும் வந்த வழியில் கேமராக்களும் வந்தன. அப்பா இதை 1976-ல் ஒரு வக்கீலிடம் பழசாக வாங்கினார். ஸ்டுடியோவுக்குள் எடுக்க வேறு பெரிய கேமரா இருந்தது. சோர்க்கி வெளிவேலைக்கு: கல்யாணம், காதுகுத்து, பள்ளிக்கூட ஆண்டுவிழா. ஓர்வோ ஃபிலிம் கிடைத்தால் ஓர்வோ, இல்லையென்றால் ஊட்டியில் செய்த இந்து ஃபிலிம்.

அந்தக் கேமராவைத் தொட எனக்கு எட்டு வயதில் அனுமதி கிடைத்தது. ஒரே நிபந்தனை: முதலில் குமிழைத் திருகு, அப்புறம்தான் ஸ்பீடைத் திருப்பு. மாற்றிச் செய்தால் சோர்க்கியின் ஷட்டர் பொறி கெட்டுவிடும். ஒருநாள் மாற்றித் திருப்பினேன். அதற்கு வாங்கிய அடியை இங்கே எழுத வேண்டாம்.

ஐப்பசி பிறந்ததும் லென்ஸ் பீரோவுக்குள் 15 வாட்ஸ் பல்பு ஒன்று எரிய ஆரம்பிக்கும். கார்த்திகை முடியும்வரை இரவும் பகலும் எரியும். மாயவரத்து மழை ஈரத்தில் கண்ணாடிக்குள் பூஞ்சை பிடிக்காமலிருக்க அது. ஸ்டுடியோவை மூடிய பிறகு பல்பு போடவில்லை. யாருக்கும் ஞாபகம் இல்லை, அல்லது ஞாபகம் வைத்துக்கொள்ள மனமில்லை. போன வருடம் நான் பீரோவைத் திறந்தபோது சோர்க்கியின் ஷட்டர் துணியில் வெளிச்சம் புகும் அளவுக்கு ஓட்டைகள். லென்ஸின் உள்ளே சிலந்திவலைபோல ஒரு கிளை. சென்னையில் ஒரு கேமரா மெக்கானிக் அதைப் பிரித்துத் துடைத்துக் கொடுத்தார். "வேர் புடிச்ச தடம் கோட்டிங்ல இருக்கும் சார், போவாது" என்றார். இருக்கிறது. டார்ச் அடித்தால் தெரியும்.

பாடி செத்துவிட்டது, லென்ஸ் பிழைத்துவிட்டது. இதைத்தான் நான் ஒரு நியாயமாக வீட்டில் சொன்னேன், புதிய பாடி வாங்குவதற்கு.

*

ரேஞ்ச்ஃபைண்டரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இப்போதைய கேமராக்களில் நாம் பார்ப்பது லென்ஸ் பார்க்கும் காட்சியை. ரேஞ்ச்ஃபைண்டரில் அப்படி இல்லை. லென்ஸுக்கு மேலே, தனியாக, இரண்டு ஜன்னல்கள். ஒன்றின் வழியாக நாம் பார்க்கிறோம். மற்றதன் வழியாக வரும் காட்சி ஒரு கண்ணாடியில் பட்டு, நடுவில் ஒரு சிறு சதுரத்தில் மங்கலாக விழுகிறது. எதிரே நிற்பவருக்கு அந்தச் சதுரத்துக்குள் இரண்டு மூக்கு தெரியும். கேமராவுக்கு மாறுகண் என்று வைத்துக்கொள்ளுங்கள். லென்ஸைத் திருப்பத் திருப்ப இரண்டு மூக்கும் நெருங்கி ஒன்றாகும். மாறுகண் சரியான இடம்தான் ஃபோகஸ்.

லென்ஸ் திரும்புவது மேலே உள்ள கண்ணாடிக்கு எப்படித் தெரியும்? லென்ஸின் பின்னால் ஒரு உலோக வளையம். பாடிக்குள் ஒரு சிறு உருளை அந்த வளையத்தைத் தொட்டுக்கொண்டே இருக்கிறது. லென்ஸ் முன்னால் போனால் உருளையும் கூடவே போகும். அதன் கை கண்ணாடியைத் திருப்பும். அவ்வளவுதான். மின்சாரம் இல்லை, சிப் இல்லை. பாடி லென்ஸைப் பார்ப்பதே இல்லை, தொட்டுத்தான் தெரிந்துகொள்கிறது. லென்ஸ் சொல்வதை நம்புகிறது. இந்த நம்பிக்கையில்தான் என் பிரச்சினை இருந்தது.

ஜூபிடர்-8 திருகி மாட்டும் லென்ஸ். 39 மி.மீ. விட்டம், ஒரு அங்குலத்துக்கு 26 மரை. லைக்காவின் பழைய மவுண்ட் இது. 1954-ல் எம்3 வந்தபோது திருகுக்குப் பதில் பயனெட் வந்தது. செருகி ஒரு சின்னத் திருப்பு, டக். ஆனால் அந்த மாற்றத்தை அவர்கள் செய்த விதத்தை முதலில் படித்தபோது நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். பழைய பாடியில் லென்ஸ் உட்காரும் இடத்துக்கும் ஃபிலிமுக்கும் 28.8 மி.மீ. புதியதில் 27.8. சரியாக 1 மி.மீ. குறைவு. ஏன் என்றால், 1 மி.மீ. கனமுள்ள ஒரு வளையத்தை நடுவில் போட்டால் அதுவரை விற்ற அத்தனை பழைய லென்ஸும் புதிய பாடியில் சரியாக உட்காரும். 1930-களின் லென்ஸை இன்று வாங்கும் டிஜிட்டல் பாடியில் மாட்ட முடிவது அந்த ஒரு மில்லிமீட்டரால்தான்.

போன காலாண்டில் நான் ஒரு மின்னஞ்சல் எழுதினேன். எங்கள் மென்பொருளின் பழைய பதிப்பை இன்னும் பயன்படுத்துகிற வாடிக்கையாளர்களுக்கு, டிசம்பரோடு அது நின்றுவிடும் என்று. பழைய பதிப்பு என்றால் நாலு வருடம். 1954-ல் அந்த ஒரு மில்லிமீட்டரை விட்டுவைத்த ஆளின் முகத்தில் நான் விழிக்க முடியாது.

வளையம் வாங்கும்போது ஒரு விஷயம். வ்யூஃபைண்டருக்குள் எந்த ஃபிரேம் கோடுகள் தெரிய வேண்டும் என்பதையும் அந்த வளையம்தான் முடிவுசெய்யும். 50-க்கு ஒரு வளையம், 35-க்கு வேறு, 90-க்கு வேறு. விலை குறைவு என்று முதலில் வாங்கியது 35-க்கானது. காசு போனது போனதுதான்.

*

சரி, 1 மி.மீ. வளையம் போட்டாயிற்று. மரை பொருந்துகிறது, ஃபிரேம் கோடு சரி, மூக்கு ஒன்றாகிறது. பிறகு ஏன் காது?

என் பாடியில் லைவ் வ்யூ உண்டு. சென்சார் என்ன பார்க்கிறதோ அதையே திரையில் பார்க்கலாம். அதாவது ஒரே கேமராவுக்குள் இரண்டு சாட்சிகள். நாளிதழ் ஒன்றைச் சாய்த்து வைத்து, 1 மீட்டர் தூரத்தில், எஃப் 2-ல், ஒரு வரியை ரேஞ்ச்ஃபைண்டரால் குறிவைத்தேன். ரேஞ்ச்ஃபைண்டர் இந்த வரி என்றது. சென்சார் இல்லை, அதற்கு 3 சென்டிமீட்டர் பின்னால் இருக்கும் வரி என்றது. பத்து தடவை. பத்திலும் 3 சென்டிமீட்டர், கூடக் குறைய. தற்செயல் இல்லை, பிழைக்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது. ஒழுங்குள்ள பிழை என்றால் எனக்குச் சந்தோஷம்; அதற்குத்தானே சம்பளம் தருகிறார்கள்.

விஷயம் 1932-க்குப் போகிறது. அந்த வருடம்தான் லைக்கா தன் பாடிக்குள் ரேஞ்ச்ஃபைண்டரை லென்ஸோடு இணைத்தது. அதே வருடம் ஸைஸ் ஐகான், கான்டாக்ஸ் என்ற போட்டிக் கேமராவைக் கொண்டுவந்தது. இருவரும் 50 மி.மீ. என்று எழுதிய லென்ஸ்கள் உண்மையில் 50 இல்லை. லைக்காவின் கணக்கு 51.6. கான்டாக்ஸின் கணக்கு 52.4. வெவ்வேறு மவுண்ட் என்பதால் அப்போது யாருக்கும் நஷ்டமில்லை.

கான்டாக்ஸுக்காக லுட்விக் பெர்ட்டலே வடிவமைத்த லென்ஸ் சோனார். அக்காலத்தில் கண்ணாடிக்குக் கோட்டிங் கிடையாது. காற்றும் கண்ணாடியும் சந்திக்கும் ஒவ்வொரு பரப்பிலும் கொஞ்சம் வெளிச்சம் திரும்பிவிடும், படம் வெளுக்கும். பெர்ட்டலே கண்ணாடிகளை ஒன்றோடொன்று ஒட்டினார். எஃப் 2 சோனாரில் ஆறு கண்ணாடி, ஆனால் மூன்றே கட்டு. காற்றைத் தொடும் பரப்பு ஆறுதான். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும், நஷ்ட ஈடாக, கான்டாக்ஸின் இயந்திரங்கள் கீவுக்குப் போயின. லென்ஸ் தொழில்நுட்பம் கிராஸ்னகோர்ஸ்குக்குப் போனது. அங்கே சோனார், ஜூபிடர் ஆயிற்று.

இன்னொரு பக்கம், கார்கீவில் 1934 முதலே லைக்காவை நகலெடுத்து ஃபெட் என்று ஒரு கேமரா செய்துகொண்டிருந்தார்கள். செய்தவர்கள் ஒரு சிறுவர் கம்யூனில் வளர்ந்த பிள்ளைகள். அந்த ஃபெட்டின் வாரிசு சோர்க்கி. ஆக, அப்பாவின் கேமராவில் பாடி லைக்கா வம்சம், லென்ஸ் கான்டாக்ஸ் வம்சம். பரம்பரைப் பகையாளிகள் வீட்டில் சம்பந்தம் செய்ததுபோல. சோவியத் நாட்டில் இதைச் சமாளித்துவிட்டார்கள்: பாடியையும் 52.4 கணக்குக்கே ஒத்துவைத்தார்கள். அதனால் சோர்க்கியில் அந்த லென்ஸ் ஒருநாளும் காதைப் பிடிக்கவில்லை. "என் கேமராவுல ஒழுங்காத்தான இருந்துச்சு" என்று அப்பா சொன்னது முழு உண்மை.

என் பாடி 51.6-ஐ எதிர்பார்க்கிறது. 1 மீட்டரில் இருக்கும் ஒரு முகத்துக்கு 51.6 லென்ஸ் ஏறக்குறைய 2.66 மி.மீ. முன்னால் நகர வேண்டும். 52.4 லென்ஸுக்கோ 2.75 தேவை. மரை பொருந்திவிட்டதால் இரண்டுக்கும் வித்தியாசம் உருளைக்குத் தெரியாது. அது 2.66-லேயே சரி என்று சொல்லிவிடுகிறது. 0.08 மி.மீ. குறைகிறது. அந்தக் குறை எதிரே போய் விழும்போது 3 சென்டிமீட்டர். செவ்வாய்க்கு அனுப்பிய ஒரு விண்கலத்தை நாசா 1999-ல் இப்படித்தான் தொலைத்தது. ஒரு பக்கத்து மென்பொருள் பவுண்டு கணக்கில் கொடுத்ததை மறுபக்கம் நியூட்டன் கணக்கு என்று எடுத்துக்கொண்டது. இணைப்பு பொருந்துவதும் அர்த்தம் பொருந்துவதும் வேறு வேறு என்று என் வேலையில் வருடத்துக்கு இரண்டு முறையாவது யாராவது நடுராத்திரியில் கண்டுபிடிப்பார்கள்.

அப்பா ஸ்டுடியோ வழக்கப்படி முக்கால் முகமாகத் திரும்பி உட்கார்ந்திருந்தார். அப்படித் திரும்பிய முகத்தில் கண்ணுக்கும் காதுக்கும் ஆழத்தில் எவ்வளவு என்று ஸ்கேல் வைத்து அளந்தேன். "என்னடா பண்ற" என்று கேட்டாலும் ஆடாமல் உட்கார்ந்திருந்தார். 3 சென்டிமீட்டர், சொச்சம்.

*

இதற்கு நடுவில் ஒரு சண்டை நடந்தது. சொல்லாமல் விட்டால் சரியாக இருக்காது.

சாயந்திரம் அம்மா திண்ணையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பின்னால் தெருவெளிச்சம். அதே லென்ஸில் எடுத்தேன். அம்மாவின் தலைமுடி ஓரமெல்லாம் ஒளி கசிந்து, நிழல்கள் சாம்பலாகி, கீரைக்கட்டுகூட மென்மையாக இருந்தது. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அப்பாவிடம் காட்டினேன்.

"பின்வெளிச்சம் அடிச்சிருக்கு. கழுவிவிட்டாப்ல இருக்கு."

"இதுக்குத்தான்பா இப்ப எல்லாரும் பழைய லென்ஸ் தேடுறாங்க. கேரக்டர்ன்னு பேரு."

அவர் சிரிக்கவில்லை. 1983-ல் ஒரு கல்யாணம். தாலி கட்டும் நேரத்தில் மணமேடைக்குப் பின்னால் ஜன்னலை யாரோ திறந்துவிட்டார்கள். காலை வெயில் நேராக லென்ஸில். தாலி கட்டிய மூன்று படமும் இதேபோல வெளுத்துவிட்டன. பெண்ணின் அப்பா மீதிப் பணத்தைத் தரவில்லை. பணம்கூடப் பரவாயில்லை, ஆறு மாதம் அந்தத் தெரு வழியாகப் போகாமல் சுற்றிப் போனாராம்.

"அது கேரக்டர்ன்னு எனக்கு அப்ப தெரியாமப் போச்சு" என்றார்.

நான் பதில் சொல்லவில்லை. என்ன சொல்ல? இந்த லென்ஸின் குறைகளை நான் ரசிக்க முடிவது, அந்தக் குறைகளுக்காக என் சம்பளத்தை யாரும் பிடித்துவைக்காததால். 50 மி.மீ. புது லென்ஸ் ஒன்றும் என்னிடம் இருக்கிறது. ஓரம்வரை ஊசிபோல விழும், பின்வெளிச்சத்துக்கு அசையாது. அப்பா தலைமுறைக்காரர்கள் கனவு கண்டது அதைத்தான். அந்தக் கனவு கைக்கு வந்ததும் நாங்கள் அவர்கள் தூக்கிப்போட்டதைப் பொறுக்கிக்கொண்டிருக்கிறோம்.

ஆனாலும் திண்ணைப் படத்தை நான் அழிக்கவில்லை. அம்மா அதைப் பார்த்து "சுருக்கமே தெரியலையே" என்று இரண்டு முறை சொன்னாள். அப்பா அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தார்: அந்தக் காலத்தில் நடுவயசுப் பெண்கள் வந்தால் லென்ஸ் முன்னால் மெல்லிய நைலான் துணியைக் கட்டிவிடுவாராம். "அதுக்கு ரஷ்யாலேந்து லென்ஸ் வேணாம்."

"அப்ப உங்க படத்தைப் புது லென்ஸ்ல எடுத்துடவா?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. பீரோவைப் பார்த்தார். "இதுலயே எடு. ஆனா கண்ணு வேணும்."

*

குறுக்கு வழி ஒன்றை அவர் உடனே கண்டுபிடித்துவிட்டார். "மூக்கு நுனியில வச்சுப் பாரு, கண்ணு கிடைக்கும்." கிடைத்தது. பாடி மூக்கைச் சொல்ல, லென்ஸ் கண்ணைப் பிடித்தது. அதோடு விட்டிருக்கலாம். எனக்கு அது ஒட்டுப்போட்ட வேலையாகத் தெரிந்தது. ஒவ்வொரு படத்துக்கும் பொய்யான இடத்தில் குறிவைத்து மெய்யான இடத்தைப் பிடிக்க வேண்டும். ஒருநாள் மறந்துவிடுவேன்.

ஜூபிடர்-8-ல் ஒரு வசதி. கண்ணாடிகள் இருக்கும் குழல் மொத்தமாக, ஒரே துண்டாக, ஃபோகஸ் வளையத்திலிருந்து திருகிக் கழன்று வந்துவிடும். குழலும் வளையமும் சந்திக்கும் இடத்தில் மெல்லிய வாஷர். அதன் கனத்தைக் கூட்டினால் கண்ணாடிகள் எல்லாம் அந்த அளவு முன்னால் தள்ளிப்போகும். குறைகிற 0.08 மி.மீ.-யை நாமே போட்டுவிடலாம். ஏ4 தாள் ஏறக்குறைய 0.1 மி.மீ. நான் தாளை எடுத்து வளையம் வரைந்துவிட்டேன்.

"பேப்பர் வைக்காத. ஈரத்தை இழுக்கும். மறுபடி பூஞ்சை புடிக்கும்."

பிறகு கேட்டார்: "எந்தத் தூரத்துல உனக்கு வேணும்?"

இதுதான் சரியான கேள்வி. அதை நான் யோசிக்கவில்லை. எல்லாத் தூரத்திலும் சரியாக இருக்க முடியாது. 0.1 கூட்டினால் 1 மீட்டரிலிருந்து 2 மீட்டர்வரை முகங்கள் சரியாகும். ஆனால் லென்ஸை முடிவிலியில் நிறுத்தினால் அது உண்மையில் 27 மீட்டரைத்தான் பிடிக்கும். எஃப் 8-க்குக் குறைத்தால் தெரியாது. எஃப் 2-ல் தூரத்துக் கோபுரம் மொழுக்கென்று ஆகிவிடும்.

"கோபுரத்தை எவன் எஃப் 2-ல எடுக்கப்போறான்" என்றார். முடிந்தது விவாதம்.

குளிர்பான டப்பாவின் தகடு ஏறக்குறைய 0.1 மி.மீ. கனம். பெட்டிக்கடையில் ஒன்று வாங்கிக் குடித்துவிட்டுக் கழுவினோம். சர்க்கரை இருக்கிறது என்று அவருக்குக் கொடுக்கவில்லை. அதற்கு ஒரு முறைப்பு. நான் காம்பஸை எடுத்துவந்தபோது கையால் ஒதுக்கினார். லென்ஸின் வளையத்தைத் தகட்டின்மேல் அழுத்தித் தடம் எடுத்துக்கொண்டு, பாஸ்போர்ட் போட்டோ வெட்டும் பழைய கத்தரியால் வெட்ட ஆரம்பித்தார். 31 வருடம் அந்தக் கத்தரி. ஸ்டென்ட் வைத்த பிறகு டம்ளர் பிடிக்கும்போது அவர் கை லேசாக நடுங்குகிறது. கத்தரி பிடித்தபோது நடுங்கவில்லை. தகடு ஒரு இடத்திலும் பிசிறவில்லை. வளையத்தை உள்ளங்கையில் வைத்து, நகத்தால் ஒருமுறை சுற்றி வந்து, ஓரத்தை மட்டும் மறுபடி கொஞ்சம் சீவினார்.

குழலைத் திருகி மூடினேன். நாளிதழ். 1 மீட்டர். எஃப் 2. ரேஞ்ச்ஃபைண்டர் ஒரு வரியைச் சொன்னது. லைவ் வ்யூவில் பார்த்தேன். அதே வரி.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரைக்கு எடுப்பது என்று அவரே நேரம் குறித்தார். வடக்கு ஜன்னல். வெள்ளைச் சட்டை, அயர்ன் பண்ணியது. வாட்ச் கட்டிக்கொண்டார்; ஃபிரேமுக்குள் கை வரப்போவதில்லை என்று சொன்னேன், கேட்கவில்லை. அம்மா அந்தப் பக்கமே வரவில்லை. மிக்ஸி தேவைக்கு மேல் ஓடிக்கொண்டிருந்தது.

சதுரத்துக்குள் அவருக்கு நாலு கண் தெரிந்தது. மெதுவாகத் திருப்பினேன். மூன்று. இரண்டு. அழுத்தினேன்.

கேமராவை வாங்கி, நான் சொல்லிக்கொடுத்தபடி சக்கரத்தைத் திருப்பி, இடது கண்ணைப் பெரிதாக்கினார். திரை முழுக்க அவருடைய கண்தான். புரை அறுத்து வைத்த லென்ஸின் விளிம்பு பளபளத்தது. கருமணியில் ஜன்னல் கம்பிகள், அதற்கு முன்னால் கேமராவோடு ஒரு உருவம். அவர் இன்னும் பெரிதாக்கப் பார்த்தார். அதற்கு மேல் போகவில்லை.

படத்தின் தகவல்களையும் திறந்து பார்த்தார். நாள், நேரம், ஷட்டர் எல்லாம் இருந்தன. லென்ஸ் என்ற இடம் மட்டும் காலி. பாடியால் அடையாளம் காண முடியாத லென்ஸ் அது. அவர் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"ம். கண்ணு இருக்கு."

கேமராவைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு மறுபடி வாங்கிப் பார்த்தார்.

"காலர் மடிஞ்சிருக்கு பாரு. பாக்க மாட்டியா? இன்னொண்ணு எடு."